விதியா? விட்டுவிட்டுப் போனவர்கள் குற்றமா?



வைத்தியத்துக்காகச் செய்யப்பட்ட கதிரியக்கக் கருவிகள் கேட்பாரற்றுப் போனால் என்ன நேருகிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இதில் நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரிகள் நம் ஊர்களிலும் இருக்கின்றன. பழைய இரும்பு வாங்கும் கடைகளும் இருக்கின்றன. இந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் நான் சொல்லப்போகும் ஆபத்து இருக்கிறது. ஆகையால் முழுவதும் கேட்டுவிட்டு, சரியா தப்பா என்பதை உங்கள் புத்தியைக் கொண்டே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கதிரியக்கம் என்பது பேயுமல்ல, தெய்வ சக்தியுமல்ல. சில பொருள்களின் அணுக்கள் தாமாகவே சிதைகின்றன. அப்படிச் சிதையும்போது கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் வெளிவருகின்றன. அளவாய்க் குறிபார்த்துச் செலுத்தினால் அக்கதிர் புற்றுநோய்க் கட்டியை அழிக்கும். அளவு தப்பினால் நல்ல சதையையும் அழிக்கும். கனத்த உறைக்குள் இருக்கும் வரையில் அது மருந்து. உறை உடைந்தால் விஷம். கத்தி வைத்தியன் கையிலிருப்பதற்கும் குழந்தை கையிலிருப்பதற்கும் உள்ள வித்தியாசந்தான் இது. ஆனால் கத்தியின் கூர்மை கண்ணுக்குத் தெரியும். இதன் கூர்மை தெரியாது.

நடந்த சங்கதி

பிரேசில் தேசத்தில் கோயானியா என்று ஒரு பெரிய நகரம். அங்கே தனியார் நடத்திய கதிர் வைத்திய நிலையம் ஒன்று 1985ஆம் வருஷக் கடைசியில் வேறிடத்துக்குக் குடிபோயிற்று. போகும்போது ஒரு கருவியை எடுத்துக்கொண்டு போனார்கள். இன்னொன்றைப் பழைய கட்டிடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அனுமதி கொடுத்த சர்க்கார் இலாகாவுக்கு அறிவிக்க வேண்டியது சட்டம், அறிவிக்கவில்லை. பிறகு கட்டிடத்தில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. கருவி மட்டும் அங்கேயே கிடந்தது. அதற்குள் சீசியம் 137 என்னும் பொருள் உப்பைப்போல் பொடியாய் இருந்தது. எடை 100 கிராம் கூட இல்லை.

1987 செப்டம்பர் 13ந் தேதி, பழைய இரும்பு விற்றுப் பிழைக்கலாம் என்று எண்ணிய இரண்டு ஏழைகள் அங்கே போய், கருவியின் தலைப்பாகத்தைக் கழற்றித் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றே இருவருக்கும் வாந்தி. தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். உள்ளிருந்த உலோகக் குப்பியையும் குத்தித் துளைத்து, 18ந் தேதி பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவருக்கு விற்றார்கள்.

அன்று இரவு அது நீலமாய் ஒளிவிட்டதைக் கடைக்காரர் பார்த்தார். விலை மதிப்பில்லாத பொருளோ, ஏதேனும் தெய்வீகமோ என்று எண்ணி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். அண்டை அயலார், பந்துக்கள், சிநேகிதர்கள் எல்லோரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அரிசி அளவு துணுக்குகளை ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுபோனார்கள். சிலர் உடம்பிலும் பூசிக்கொண்டார்கள். கடைக்காரரின் சகோதரர் வீட்டில் ஆறு வயதுப் பெண்குழந்தை அந்தப் பொடியைத் தொட்டு விளையாடிய கையோடு சாப்பிட்டது.

அந்த அம்மாள் செய்த ஆராய்ச்சி

வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. தோல் வெந்து புண்ணாயிற்று. வைத்தியர்களிடம் போனார்கள். ஒவ்வாமை என்றும், வெப்பதேசத்து நோய் என்றும் சொல்லப்பட்டது. படித்தவர்களுக்குப் பிடிபடாத காரணம் யாருக்குப் பிடிபட்டது தெரியுமா? கடைக்காரரின் மனைவிக்கு! தன்னைச் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஏன் படுக்கிறார்கள், இந்தப் பொடி வந்த பிறகுதானே படுக்கிறார்கள் என்று அந்த அம்மாள் யோசித்தார். செப்டம்பர் 28ந் தேதி, மிச்சமிருந்ததை ஒரு பையில் போட்டு, கடை ஆள் ஒருவரோடு பஸ்ஸில் ஏறி, சுகாதார அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தோழர்களே! பகுத்தறிவு என்பது வேறென்ன? பட்டமா? புஸ்தகமா? கண்டதைக் கண்டதோடு சேர்த்துப் பார்த்து, "ஏன்?" என்று கேட்பதல்லவா? அந்த அம்மாள் அன்று அப்படிக் கேட்டிராவிட்டால் இன்னும் எத்தனை வீடு பாழாகியிருக்கும்!

மறுநாள் விஷயமறிந்த ஒருவர் கதிர் அளக்கும் கருவியோடு வந்தார். முள் உச்சிக்குப் போய் நின்றுவிட்டது. கருவிதான் கெட்டுவிட்டது என்று திரும்பிப் போய் வேறொன்று கொண்டுவந்தார். அதுவும் அப்படியே நின்றது. அவர் வந்து சேர்ந்த சமயம், தீயணைப்புப் படையார் அதை எடுத்து ஆற்றில் எறிய எத்தனித்துக்கொண்டிருந்தார்கள்! அவர் தடுத்தார். தெரிந்தவன் ஒருவன் சரியான நேரத்துக்கு வருவதற்கு எவ்வளவு விலையுண்டு என்பதைப் பாருங்கள்.

பிறகு விளையாட்டு மைதானத்தில் நிறுத்தி 1,12,000 பேருக்கு மேல் சோதித்தார்கள். 249 பேரிடம் அந்தப் பொடி ஒட்டியோ உள்ளே போயோ இருந்தது. பிரஷ்யன் நீலம் என்னும் சாயப்பொருளை மருந்தாய்க் கொடுத்து, உடம்பிலிருந்த சீசியத்தைப் பலருக்கு வெளியேற்றினார்கள். ஆனாலும் அந்த அம்மாள், அந்தக் குழந்தை, கடையில் வேலை செய்த இரண்டு வாலிபர்கள் ஆகிய நால்வர் அக்டோபரில் மாண்டார்கள்.

கல்லெறிந்த கூட்டம்

இதோடு முடியவில்லை. குழந்தையையும் அந்த அம்மாளையும் புதைக்கக் கொண்டுபோனபோது ஜனங்கள் திரண்டு தடுத்துக் கல்லெறிந்தார்கள். அந்த ஊரார் வெளியூர் போனால் ஓட்டல்களில் இடமில்லை என்றார்கள். அங்கே விளைந்ததை வாங்க மறுத்தார்கள். ஒளியைக் கண்டு தெய்வீகம் என்று மயங்கியதும், பிணத்தைக் கண்டு தீட்டு என்று கல்லெறிந்ததும் ஒரே அறியாமையின் இரண்டு குழந்தைகள். கதிர் பட்டவன் கதிரை வீசுகிறவனாகிவிடுவதில்லை. பொடி ஒட்டியிருந்தால்தான் ஆபத்து, அதையும் அளந்து பார்த்து அகற்றலாம். இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஆளில்லாததால், இறந்தவர்களுக்குக் கடைசி மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டால் நம்மவர்களில் பலர், "எல்லாம் அவரவர் விதி" என்பார்கள். விதி என்று சொன்ன மாத்திரத்தில் யார் தப்பித்துக்கொள்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். இறந்தவர்களா? இல்லை. கருவியை விட்டுவிட்டுப் போனவர்களும், அனுமதிச் சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராத அதிகாரிகளுமே தப்பித்துக்கொள்கிறார்கள். பூட்டிய வீட்டைத் திறந்தவன் குற்றவாளி என்று அந்த ஏழைகளைச் சொல்லுவது சுலபம். அங்கே பூட்டும் இல்லை, காவலும் இல்லையே!

ஒரு ஊரோடு நின்றதா?

ஒரு ஊரில் நடந்தால் தவறு எனலாம். ஊருக்கு ஊர் நடந்தால் அது ஏற்பாட்டின் கோளாறு. மெக்சிகோவில் ஹுவாரெஸ் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி 1977இல் வாங்கிய கோபால்ட் 60 கருவியை, நடத்தத் தெரிந்த ஆளில்லாமல் கிடங்கில் போட்டு வைத்திருந்தது. 1983இல் அது பழைய இரும்பாய் விலைபோயிற்று. உள்ளிருந்த சுமார் 6,000 குருணைகள் சிதறி, உருக்காலைக்குப் போய், கட்டிடக் கம்பியாகவும் மேஜைக்காலாகவும் வெளிவந்தன. 1984 ஜனவரியில் அக்கம்பியை ஏற்றிய லாரி அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சி நிலையத்தருகே வழிதவறிப் போக, அங்கிருந்த எச்சரிக்கை மணி அடித்தது. அந்த லாரி வழிதவறியிராவிட்டால்?

2000இல் தாய்லாந்தின் சமுத் பிரகானில் இதே கதை, மூவர் மாண்டார்கள். 2010இல் நம் டெல்லியில் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் ஒருவர் மாண்டார். அது ஆஸ்பத்திரிக் கருவியல்ல, டெல்லி சர்வகலாசாலை ஏலத்தில் விற்ற ஆராய்ச்சிக் கருவி. படிப்புச் சொல்லிக்கொடுக்கும் இடமே இப்படிச் செய்தால், படிக்காத கூலிக்காரனை எப்படிக் குறை சொல்லுவது?

செய்ய வேண்டியது

இக்கருவிகள் மேல் ஒரு அடையாளம் போடுவது வழக்கந்தான்: மஞ்சளில் மூன்று இதழ். படித்தவர்களுக்கு மட்டும் விளங்கும் அந்தக் குறிக்கும், யாருக்கும் புரியாத பாஷையில் சொல்லும் மந்திரத்துக்கும் என்ன வித்தியாசம்? இதை உணர்ந்துதான் சர்வதேச அணுசக்தி ஸ்தாபனம் 2007இல் புதுக்குறி ஒன்றை வெளியிட்டது. சிவப்பு முக்கோணத்தில் கதிர் வீச்சு, மண்டையோடு, ஓடுகிற மனிதன். எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும், "உடைக்காதே, ஓடிப்போ" என்று அது சொல்லும். பல தேசத்து மக்களிடம் காட்டிச் சோதித்த பிறகே அதை ஏற்றார்கள்.

குறி மட்டும் போதாது. கருவியை வாங்குகிற அன்றே அதைத் திருப்பி ஒப்படைக்கும் செலவையும் எடுத்துவைக்கச் செய்ய வேண்டும். ஒப்படைத்த ரசீது வரும் வரையில் வாங்கியவரே பொறுப்பாளி. சீசியம் 137 பாதியாகக் குறையவே 30 வருஷம் ஆகிறது; கட்டிடம் கைமாறினாலும் முதலாளி மாறினாலும் அது காத்திருக்காது, மன்னிக்காது. பழைய இரும்புத் தொழிலாளர்களுக்கு அவர்கள் பாஷையில், அவர்கள் இடத்துக்கே போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: தெரியாத கனத்த உறையை உடைக்காதே, விலகு, அதிகாரிக்குச் சொல், அவர் வரும் வரை மற்றவரை நெருங்கவிடாதே.

புற்றுநோயைத் தீர்க்கும் கதிரை நான் பழிக்கவில்லை. அதனால் பிழைத்தவர் ஏராளம். அறிவைக் கொண்டு செய்த பொருளை அறிவைக் கொண்டே காக்க வேண்டும் என்கிறேன். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பழைய கருவி என்னவாயிற்று என்று கேளுங்கள். கேட்க உங்களுக்குப் பாத்தியமுண்டு. அந்த அம்மாள் தன் வீட்டில் கேட்ட "ஏன்?" என்பதை, நாம் ஆபத்து வருமுன் கேட்டோமானால் போதும் என்று சொல்லி, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.