கடும்பனிக்குப் பின் மான் வேட்டை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கிலுள்ள வயோமிங் மாநிலத்திலே மான் வேட்டைக்குச் செல்வோன் ஒருவனுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் இருந்தால் மட்டும் போதாது. மாநில வனவிலங்குத் திணைக்களம் வழங்கும் அனுமதிப்பத்திரமும் அவனிடம் இருத்தல் வேண்டும். அப்பத்திரத்துடன் ஒரு சீட்டு இணைந்திருக்கும். மான் வீழ்ந்ததும், வீழ்ந்த நாளையும் மாதத்தையும் அச்சீட்டிலே வெட்டிக் குறித்து, அதனை மானின் உடலோடு சேர்த்துக் கட்டிவிடுவது சட்டம். ஒரு சீட்டுக்கு ஒரு விலங்கு. சீட்டின் தொகை வரையறுக்கப்பட்ட பகுதிகளில், அத்தொகையே அவ்வாண்டில் மனிதர் கையால் மடியக்கூடிய விலங்குகளின் உச்ச வரம்பாகும்.

இந்த எண்ணைத் தீர்மானிப்பது சாதாரண ஆண்டுகளிலேயே எளிதான காரியமன்று. கொடிய பனிக்காலம் ஒன்று கடந்துபோன பின்னரோ, அது பெரும் வழக்காகவே ஆகிவிடுகிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2023ஆம் ஆண்டின் வசந்தம்வரை நீடித்த பனிக்காலம் அத்தகையது.

பனியை அறியாத நாட்டினர், மான்கள் குளிரால் விறைத்து இறப்பதாக எண்ணக்கூடும். உண்மையில் அவை பெரும்பாலும் பசியால் இறக்கின்றன. கோவேறு கழுதையின் காதுகளைப் போன்ற நீண்ட செவிகளை உடைய மியூல் மான் கோடையில் மலைமேல் மேய்ந்து உடலிலே கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. இலையுதிர் காலத்தில் தாழ்நிலத்திற்கு இறங்குகிறது. நூற்றைம்பது மைல் நடந்து இறங்கும் மான்களும் உள. கீழே அதற்குக் கிடைப்பது சேஜ் எனப்படும் வாசனைப் புதரும் சில செடிகளுமே. அவ்வுணவு உடலைத் தேற்றாது. கொழுப்புக் கரையும் வேகத்தைச் சற்றே தணிக்கும், அவ்வளவுதான். கோடையிலே சேர்த்த கொழுப்பு வசந்தம் வரும்வரை தாக்குப்பிடிக்குமா என்பதே அதன் வாழ்வும் சாவும். பனி ஆழமாகப் பெய்து, மேற்பரப்பு உறைந்து ஓடுபோல் இறுகினால், ஒவ்வொரு அடிக்கும் மான் செலவிடும் சக்தி பன்மடங்காகிறது, புதரும் மறைந்துவிடுகிறது. முதலிற் சாய்வன கன்றுகள். நவம்பர் மாத இணைவிழைச்சுக் காலத்திலே உண்ணாமல் அலைந்து மெலிந்த ஆண்மான்களும் கூடவே சாய்கின்றன. பெண்மானாகிய பிணை கடைசிவரை நின்று போராடும்.

அப்பனிக்காலத்திலே பிணைகளும் வீழ்ந்தன. வயோமிங் மலைத்தொடரின் மான் கூட்டத்தை வயோமிங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகளாகக் கழுத்துப்பட்டியில் வானொலிக் கருவி பொருத்திக் கவனித்து வருகின்றனர். அவர்கள் கண்காணித்த வளர்ந்த பிணைகளுள் ஏறத்தாழ 70 வீதமானவை மாண்டன. கன்றுகளில் ஒன்றேனும் எஞ்சவில்லை. கவைக்கொம்பு கொண்ட பிரான்ஹார்ன் என்னும் விலங்கினமும் பேரிழப்பை அடைந்தது. பைன்டேல் என்ற ஊரின் அயலில் நுரையீரல் நோயொன்றும் அவற்றைப் பற்றிக்கொண்டது.

இனிச் சீட்டின் கணக்கைப் பார்ப்போம். விளக்கத்திற்காக, ஓரிடத்திலே ஆயிரம் பிணைகள் இருப்பதாகவும், அவற்றுள் முப்பதைச் சுட அனுமதி உண்டென்றும் வைத்துக்கொள்க. நூற்றுக்கு மூன்று, கூட்டம் இதனை எளிதில் தாங்கும். அன்றியும், நெருக்கமாக வாழும் கூட்டத்திலே அம்முப்பதிற் சில எப்படியும் பனிக்காலத்திற் பட்டினியால் மடிந்திருக்கும். அவை உண்ணாது விட்ட தழை மற்றவற்றைக் காக்கும். துப்பாக்கியால் வந்த குறையை இயற்கை ஓரளவு ஈடு செய்துவிடுகிறது. ஆயிரத்தில் எழுநூறு மாண்டு முந்நூறு எஞ்சிய பின்பு அதே முப்பது சீட்டுகளை வழங்கினாலோ, அது நூற்றுக்குப் பத்தாகிவிடும். சீட்டின் எண் மாறவில்லை. கூட்டத்தின் மீதுள்ள பாரம் மும்மடங்குக்கு மேலாயிற்று. இப்பொழுது எஞ்சி நிற்பன பெரும்பாலும் வலிமை மிக்கவை; மேய்ச்சலுக்கும் போட்டி குறைவு. சுடப்படாவிடின் பிழைத்துக் கன்று ஈன்றிருக்கும் பிணை ஒவ்வொன்றும் நேரடி இழப்பே. மியூல் மான் பெரும்பாலும் இரட்டைக் கன்று ஈனுவது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

ஆண்மானின் கணக்கு வேறு. ஓர் ஆண் பல பிணைகளோடு கூடுமாதலால், ஆண்கள் சில குறைந்தாலும் அடுத்த யூன் மாதத்திற் பிறக்கும் கன்றுகளின் தொகை பெரும்பாலும் குறைவதில்லை. இந்த உண்மை வேட்டைக்காரருக்கே ஏற்கக் கடினமானது. பனிக்காலம் முடிந்ததும், வேட்டையை முற்றாக நிறுத்திவிட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. எழுப்பியோருள் வேட்டைக்காரர் பலர் இருந்தனர் என்பது அவர்களுக்குப் பெருமையே. ஆயினும் ஆண்மான் சீட்டுகளை மட்டும் நீக்குவதால் கூட்டம் விரைவிற் பெருகிவிடாது. காலியாகிவிட்ட மலைச்சாரலிலே கொம்புள்ள மான் ஒன்றிரண்டாவது கண்ணிற் படும் என்பதே அதன் பயன். அதுவும் சிறிய பயனன்று.

மாநில ஆணையம் இடைவழியைத் தெரிந்தது. 2023ஆம் ஆண்டிலே மானுக்கும் பிரான்ஹார்னுக்கும் உரிய சீட்டுகளை ஆயிரக்கணக்கிற் குறைத்தது. மேற்கு மலைப்பகுதியிலே மாநில வாசிகள் பொது அனுமதிப்பத்திரத்துடன் வேட்டையாடுவதால், அங்கே குறைப்பதற்குத் திட்டமான சீட்டுத் தொகை இல்லை. வேட்டை நாட்களையே குறைக்க வேண்டியதாயிற்று.

இக்குறைப்பிலே ஒரு முரண்பாடு மறைந்து கிடக்கிறது. வனவிலங்குத் திணைக்களத்தின் வருவாயிற் பெரும்பகுதி அனுமதிப்பத்திரக் கட்டணமாகவே வருகிறது. அதிலும் பிற மாநிலத்தார் செலுத்தும் உயர்ந்த கட்டணமே முக்கியமானது. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீது விதிக்கப்படும் மத்திய வரியிலிருந்தும் பங்கு கிடைக்கும். ஆகவே மான்களைக் காக்கச் சீட்டைக் குறைக்கும் திணைக்களம், மான்களை எண்ணவும் ஆராயவும் தனக்குள்ள பணத்தையே குறைத்துக்கொள்கிறது. விடுதி நடத்துவோரும் வேட்டை வழிகாட்டிகளும் இதனால் இழப்பது தனி.

வைக்கோல் போட்டு மான்களைக் காத்திருக்கலாகாதா என்று கேட்பாரும் உளர். பனிக்காலத்து மானின் இரைப்பை தழைச்சுள்ளிக்குப் பழகிய நுண்ணுயிர்களைக் கொண்டது. திடீரென இட்ட வைக்கோலை அது செரிக்க மாட்டாது. நிறைந்த வயிற்றோடு பட்டினியால் இறந்த மான்கள் பலமுறை காணப்பட்டுள்ளன.

சீட்டே இல்லாதிருந்தால் நலம் என்பாருக்கு அரிசோனாவின் கைபாப் மேட்டுநிலத்தை எடுத்துக்காட்டுவது வழக்கம். 1906ஆம் ஆண்டில் அங்கே காப்பிடம் அமைக்கப்பட்டு வேட்டை தடுக்கப்பட்டது. மலைச்சிங்கம் முதலியவையும் கொல்லப்பட்டன. மான்கள் பெருகி மேய்ச்சலை அழித்து, 1924ஆம் ஆண்டை அடுத்த பனிக்காலங்களிலே திரள்திரளாக மடிந்தன. அங்கே கூறப்பட்ட எண்கள் மிகையானவை என 1970இல் கிரேம் கோக்லி என்ற உயிரியலறிஞர் எடுத்துக்காட்டினார். அதனால் அக்கதையை அளவோடு ஏற்பதே தகும். எனினும் மேய்ச்சல் நிலம் தாங்கும் அளவு ஒன்று உண்டு என்பது அதனாற் பொய்யாகவில்லை.

2023ஆம் ஆண்டுக் கோடையிலே வயோமிங்கிற் புல் செழித்தது; எஞ்சிய பிணைகள் கொழுத்தன. அடுத்து வந்த பனிக்காலம் மென்மையாயிருந்தது. ஆயினும் 2022இற் பிறந்த கன்றுகள் இல்லாத வெற்றிடம் கூட்டத்தோடு கூடவே வயதேறிச் செல்கிறது. 2023இல் ஓராண்டுக் காளைகளைக் காணவில்லை. 2026இலே நான்கு வயதுக் கொம்பன்கள் அரிதாகவே இருக்கும். ஒவ்வோர் ஏப்பிரலிலும் ஆணையம் கூடிச் சீட்டுகளின் தொகையை விதிக்கும்பொழுது, அவ்வாண்டுக் கன்றுகள் இன்னும் தாயின் வயிற்றிலேதான் இருக்கின்றன.