புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்

(ஜூபிலி விழா ஆசிரியர் அரங்கில் ஆற்றிய உரை)



விழா மேடையில் ஆசிரியரைப் புகழ்வது வழக்கம். அதை எனக்குப் பின் பேசுகிறவர்களுக்கு விட்டுவிடுகிறேன். நம் ஆசிரியர்களிடையே வேரூன்றிவிட்ட ஒரு தவறான எண்ணத்தைப் பற்றியே பேச வந்தேன். 'திரும்பத் திரும்ப வாசித்தால் மனதில் பதியும்' என்பதே அது. வகுப்பில் இரண்டு முறை வாசிக்க வைக்கிறோம். வீட்டில் நான்கு முறை வாசித்து வா என்கிறோம். பிள்ளையும் இரவு வெகுநேரம் வாசிக்கிறது, பரீட்சையில் விழிக்கிறது. உடனே 'மக்கு' என்று பெயரிடுகிறோம். அந்தப் பெயரைப் பிள்ளை நம்புகிறது. தகப்பனாரும் நம்பி, படிப்பை நிறுத்திப் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறார்.

அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்னும் இரு உளவியல் அறிஞர்களின் ஆராய்ச்சி 2006-ல் வெளிவந்தது. ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு சிறு பாடத்தை நான்கு தவணை படித்தார்கள். மற்றொரு பிரிவினர் ஒரு தவணை மட்டும் படித்து, மீதி மூன்றிலும் பாடத்தைப் பாராமல் நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினார்கள்: 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்தோ, படித்தவர்களிடம் 40 சதவீதமே மிஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 இருந்தது! வேடிக்கை என்னவென்றால், 'நன்றாக நினைவிருக்கும்' என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் நான்கு தவணை படித்தவர்கள்தாம்.

நாம் ஏமாறுவதும் அந்த ஐந்து நிமிடத்தில்தான். பாடம் முடிந்த சூட்டோடு 'புரிந்ததா?' என்கிறோம், 'புரிந்தது டீச்சர்' என்று வகுப்பே முழங்குகிறது.

மேல்நாட்டு ஆசிரியர்கள் தவறமாட்டார்கள் என்றும் எண்ண வேண்டாம். கண்ணால் கற்பவன், காதால் கற்பவன் என்று பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-லேயே நான்கு அறிஞர்கள் எழுதிவிட்டார்கள். ஆனாலும் இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் கேட்கப்பட்ட ஆசிரியர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தப் பிரிவினையை நம்பியதாக 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது.

நம் பாட்டிமார் ஞானோபதேசத்தைப் புத்தகம் பாராமல் கேள்வி பதிலாக ஒப்பித்தவர்கள்; முதுமையிலும் மறக்கவில்லை. (பொருள் விளங்காமல் ஒப்பித்ததும் உண்டு, அதை நான் சிபாரிசு செய்யவில்லை.)

ஆசிரியர்களே, மணி அடிக்கச் சற்று முன் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். நினைவில் உள்ளதைத் தன் சொல்லில் பிள்ளை எழுதட்டும். பிறகு திறந்து, விட்டதைத் தானே பார்க்கட்டும். சில நாள் கழித்து மறுபடியும் எழுதட்டும். இதற்கு மதிப்பெண் வேண்டாம். பிரம்பும் வேண்டாம், அதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தடுத்திருக்கிறது. 'பாடத்திட்டம் முடியாதே' என்பீர்கள். முடித்த பாடம் மறுவாரம் மறந்துபோனால் அதை மீண்டும் நடத்தும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் பாதகமில்லை. புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, 'முந்தாநாள் டீச்சர் என்ன சொல்லிக் கொடுத்தாங்க, எனக்குச் சொல்லு பார்ப்போம்' என்று கேளுங்கள்.