கடற்கரைக்கு ஒரு குடும்பப் பயணம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



விடுமுறைப் பயணத்தைத் திட்டமிடுவது எவ்வாறு என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். இலக்கியப் பேருரைகளுக்கு நடுவே இஃதென்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணட்டும். கடல் மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் வாழும் நம் பெங்களூர்ப் பிள்ளைகளுள் கடலைக் கண்டவர் எத்துணைப் பேர்? சென்னையில் திருமணத்திற்குச் சென்று, மண்டபத்திலிருந்து நேரே நிலையத்திற்குத் திரும்பிய பிள்ளைகளே மிகப் பலர்.

ஐந்தாண்டுப் பணி நிறைந்த எழுத்தருக்கு ஆண்டுக்கு மூன்று பாஸ் உண்டு. அவற்றை நாம் எவ்வாறு செலவிடுகிறோம்? ஒன்று காதுகுத்துக்குப் போகிறது. ஒன்று கருமாதிக்குப் போகிறது. மூன்றாவது எடுக்கப்படாமலே ஆண்டோடு கழிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்காக என்று ஒன்றையேனும் நாம் எடுத்ததுண்டா?

மத்தியதரைக் கடலோரத்தில் நீஸ் என்று ஒரு நகரம். 1864 ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அங்குச் சென்றடைந்த பின்னர் அதன் புகழ் பெருகிற்று. ஆயினும் பன்னெடுநாள் அது செல்வர்களின் கடலாகவே இருந்தது. 1936 இல் பிரெஞ்சு நாட்டில் தொழிலாளர் அனைவருக்கும் சம்பளத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. ரயில் கட்டணத்திலும் நூற்றுக்கு நாற்பது தள்ளுபடி கிடைத்தது. அதன்பிறகே ஆலைத் தொழிலாளியின் மனைவியும் மக்களும் கடலில் கால் நனைத்தனர். அவர்கள் போராடிப் பெற்றது நம் கையில் பாஸாக இருக்கிறது. நீஸ் வரையில் அது செல்லாது. ஆனால் தரங்கம்பாடி வரையிற் செல்வதற்கு யாதொரு தடையும் இல்லை.

ஏன் தரங்கம்பாடி என்று கேட்பீர்கள். அங்கே கடலோரத்தில் பழங்கோட்டை உண்டு. நேரான வீதி உண்டு. மேனாட்டு முறையிற் கட்டிய வெண்ணிற மாளிகைகள் உண்டு. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620 இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை அது. 1845 இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் சென்றனர். கோட்டைக்குள் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது.

இதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1706 இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் செர்மானியப் பாதிரியார், திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு சிறுவராய் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றவர். சில ஆண்டுகளில் அவ்வூரில் அச்சுக்கூடம் அமைந்து, தமிழ் நூல்கள் வெளிவந்தன. (தமிழின் முதல் அச்சு அதுவன்று, 1578 இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.) வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்று, தமிழ்ப் பெயர்ப்பலகையைப் படிக்க அப்பாவின் முகத்தைப் பார்க்கும் நம் பிள்ளைகள், வேற்று நாட்டான் ஒருவன் 'அ' எழுதிப் பழகிய ஊரின் மணலைத் தொட்டுப் பார்க்கட்டும். அவர்களும் அதில் எழுதிப் பார்க்கட்டும்.

செல்லும் வழியைக் கூறுவோம். மைசூரிலிருந்து நம் ஊர் வழியாக மயிலாடுதுறைக்குச் செல்லும் விரைவு வண்டியில் மாலையில் ஏறினால் மறுநாட் காலையில் இறங்கலாம். அங்கிருந்து தரங்கம்பாடி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒரு காலத்தில் இதற்கும் பேருந்து தேடவேண்டியதில்லை. 1926 இல் திறந்த மீட்டர்கேஜ் கிளைப்பாதை செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று கடலோரம் வரை சென்றது. 1986 இல் மூடிவிட்டார்கள். ரயில்வேக் குடும்பத்தாராகிய நமக்கு இது சிறு செய்தி அன்று. பேருந்தில் அமர்ந்து அந்நிலையங்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டே செல்வோம்.

தில்லையாடியில் கட்டாயம் இறங்குதல் வேண்டும். தில்லையாடி வள்ளியம்மை 1898 இல் பிறந்ததும், சத்தியாக்கிரகச் சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22 இல் மறைந்ததும் தென்னாப்பிரிக்காவில். ஆயினும் குடும்பத்தின் பூர்வீக ஊரே இன்றளவும் அவர் பெயரின் முன்னே நிற்கிறது. காந்தியடிகள் 1915 இல் அவ்வூருக்கு வந்தார். வள்ளியம்மையின் நினைவு மண்டபமும் அங்கு உண்டு. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம்மவர் எவரும் அவ்வாயிலில் சற்றே நிற்காமல் கடந்துபோக இயலாது என்றே கருதுகிறோம்.

அறுபது நிறைந்த பெரியவர்கள் உள்ள வீட்டார் திருக்கடையூரையும் சேர்த்துக்கொள்ளலாம். காரைக்காலும் தொலைவில் இல்லை.

காலத்தைத் தெரிந்தெடுப்பதே கடினம். தசரா விடுமுறையின் பின்பகுதி மழையில் முட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் அக்கரையில் புயல் அச்சம். மே மாத வெயிலை நம் பெங்களூர் உடம்பு தாங்காது. ஆகவே, பள்ளி மூடியவுடன் ஏப்ரல் 10க்கும் 14க்கும் இடைப்பட்ட நாட்களே தகுந்தவை. இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் கீழைக்கடலில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. அதற்குமுன் சென்றால் படகுகள் கரை திரும்பும் காட்சியைக் காணலாம். மீன் உண்பவர்களுக்கு நல்ல மீனும் கிட்டும்.

ஒன்றை மறைக்காமற் கூறவேண்டும். கடல் அங்கே அழகுக்கு மட்டும் இல்லை. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியை அலை அரித்துக் கொண்டுபோயிற்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அவ்வூர் மீனவர் குடும்பங்கள் பட்ட துயரம் சொல்லில் அடங்காது. ஆகவே குளிக்கத்தக்க இடம் எது என்பதை மீனவப் பெரியவர்களைக் கேட்டறிந்தே இறங்குதல் வேண்டும். சிறுவர்கள் கணுக்காலளவு நீரோடு நிற்கட்டும். கைகோத்து நிற்பது வெட்கம் அன்று.

செலவைப் பற்றி அஞ்சவேண்டா. பாஸ் இருக்கிறது, கட்டுச்சோறும் புளியோதரையும் கட்டத் தெரிந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். தங்குமிடமும் பேருந்துக் கூலியுமே மிச்சம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் அதுவும் குறையும்.

முன்பதிவு இப்பொழுது 60 நாட்களுக்கு முன்னரே திறக்கிறது. ஏப்ரல் 10க்குப் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் சாளரத்தில் நிற்றல் வேண்டும். வர விரும்புவோர் ஜனவரி முடிவதற்குள் செயலாளரிடம் பெயரும் தலைக்கணக்கும் தந்துவிடுங்கள். பாட்டிமார்களின் பெயருக்கு எதிரே 'கீழ்ப்படுக்கை' என்று குறித்துத் தருதல் நலம்.