பங்கு வாங்கியவர்களும் பங்கு போடப்பட்டவர்களும்

(குன்னூரில் மாணவர்கள், தோட்டத் தொழிலாளர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)

அரசியல்னா என்ன? கல்லூரிப் பாடத்தில் இதற்குத் தயாராகப் பதில் இருக்கிறது. யாருக்கு, எது, எப்போது, எப்படிக் கிடைக்கிறது என்பதே அரசியல் என்றார் அமெரிக்க அறிஞர் லாஸ்வெல், 1936இல். சமூகம் மதிக்கிற விஷயங்களை அதிகாரத்தோடு பங்கிடுவது என்று 1953இல் டேவிட் ஈஸ்டன் இன்னும் கொஞ்சம் கனமாகச் சொன்னார். பரீட்சைக்கு இது போதும். கூடலூர், கோத்தகிரி லைன் வீட்டிலிருந்து பார்க்கிறவருக்குப் போதாது.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர். அவர்களையும் 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள், அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கிற மாதிரி. லாஸ்வெல்லின் 'யாருக்கு' என்ற இடத்தில் இந்த மக்கள் இல்லீங்க. 'எது' என்ற இடத்தில்தான் இருந்தார்கள்.

ஆக, பங்கீடு தொடங்கும் முன்பே ஒரு அரசியல் நடந்து முடிந்துவிடுகிறது: யார் ஆள், யார் சரக்கு என்று தீர்மானிக்கிற அரசியல். மனிதன் அரசியல் விலங்கு என்ற அரிஸ்டாட்டிலே அடிமையை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அதைச் சொன்னார். ஹன்னா ஆரெண்ட் வேறு மாதிரி. நாஜிகளால் பல ஆண்டு நாடற்றவராக அலைந்தவர். உரிமைகளைப் பெறவே ஒரு உரிமை வேண்டியிருக்கிறது என்று 1951இல் எழுதினார். மலையகத்து ஆளுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஆனால் அவரே 1958இல் ஒரு கோடு போடுகிறார்: உழைப்பு, வயிற்றுப்பாடு எல்லாம் ஒரு பக்கம், பொதுவெளியில் பேசுவதும் செயல்படுவதும்தான் அரசியல் என்று. இங்கேதான் நமக்கு அவரோடு தகராறு. 1927இல் மகத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தாரே, அது எந்தப் பக்கம்?

தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க இந்த மலைகளில் அரசே தேயிலை போட்டது. 1976இலிருந்து அது டான்டீ கழகம். வேலையோடு சேர்ந்ததுதான் லைன் வீடு. ஓய்வு பெற்றால் காலி பண்ணணும். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த அம்மா எங்கே போவார்? இதை 'நிர்வாகப் பிரச்சினை' என்கிறார்கள். நாமும் அதே சொல்லைப் போட்டு மனு எழுதுகிறோம். அடுத்த மனுவில் முதல் வரியாக இதைக் கேளுங்கள்: வீடும் மனையும் யாருக்கு என்று முடிவு பண்ணின கூட்டத்தில் எங்க ஆள் யாரு இருந்தாங்க?