பாய்ப்படகும் சில தொல்லைகளும்



பள்ளி விடுமுறை வந்தால் தோட்டத்துக் குடும்பங்கள் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போவது வழக்கம். மோரிப், போர்ட்டிக்சன், பங்கோர் என்று இடம் மாறும், கட்டுச்சோறு மாறாது. கரையோரத்தில் ஒரு சிறு படகைக் கண்டுவிட்டால் பிள்ளைகள் ஏறியே தீரவேண்டும் என்று அடம் பிடிப்பார்கள். அந்தச் சிறு படகைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது, புறப்பாட நடவடிக்கையாகப் போர்ட்டிக்சன் கடலில் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டோம். இருவர் உட்காரும் படகு. இயந்திரம் கிடையாது. ஒரு பாய், ஒரு சுக்கான், அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு பலகை, அவ்வளவுதான். காற்று முதுகுப் பக்கம் இருந்தால் படகு தானே ஓடும். காற்றுக்கு நேர் எதிராக மட்டும் எந்தப் பாய்ப்படகும் போகாது. வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று மலைப்பாதையைப் போல வளைந்து வளைந்துதான் போகவேண்டும். அரை மணியில் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க ஒன்றரை மணி ஆனதும் உண்டு.

பாய் கட்டிப் போன அந்தக் காலத்து மீனவர்களுக்கு இது அத்துப்படி. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வெயில் ஏறித் தரை சூடானபின் காற்று கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். ஒன்றில் போய் மற்றொன்றில் வந்துவிடுவார்கள்.

இடையில் காற்று மாறும் நேரம் ஒன்று உண்டு. ஒருநாள் முற்பகலில் நானும் நண்பர் ஒருவரும் அதில் அகப்பட்டோம். பாய் ஈரத்துணியாகத் தொங்கியது. தண்ணீர்ப் புட்டி உருண்டு கடலுக்குள் போயிற்று. நாசி லெமாக் பொட்டலம் உப்புநீரில் ஊறிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குமேல் வெயிலில் காய்ந்தோம். பிறகு காற்று வந்தது. வந்த வேகத்தில் படகு கவிழ்ந்தது. "கரைதான் தெரிகிறதே, நீந்திப் போய்விடலாம்" என்றார் நண்பர். படகை விட்டு யாரும் நீந்தக்கூடாது என்று பயிற்றுநர் முதல் நாளே சொல்லியிருந்தார். எங்கள் படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். தேடி வருபவருக்கு அலைகளுக்கிடையில் ஒரு தலை தெரியாது, படகு தெரியும். இருவரும் பற்றிக்கொண்டோம். அடிப்பலகையில் ஏறி நின்று பின்னால் சாய்ந்ததும் பாய் மெல்ல நிமிர்ந்தது. நண்பரின் ஒற்றைச் செருப்பு மட்டும் சுமத்திராவுக்குப் போய்விட்டது.

இவை சில்லறைத் தொல்லைகள். 1999-இல் லங்காவியிலிருந்து தனியாகப் புறப்பட்டு, 190 நாளில் பாய்ப்படகிலேயே உலகைச் சுற்றி வந்த அஸார் மன்சோருக்கு வழியில் பாய்மரமே முறிந்தது!

சுமத்திரா என்றதும் பால்மரம் வெட்டுவோருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், விடியுமுன் திடீரென்று அடித்து அன்றைய வெட்டைக் கெடுக்கும் காற்றுமழை. மலாக்கா நீரிணையைத் தாண்டி வருவதால் அதன் பெயரே சுமத்திராதான். தோட்டத்தில் அதனால் ஒருநாள் வேலை கெடும். கடலில் உயிரே போகலாம். மேற்கே கருமேகம் வரிசை கட்டினால் படகுப்பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்து, கடலின் ஏற்ற இறக்கம். ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீர் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது மிகுதி; கிள்ளான் துறைமுகப் பக்கம் 4 மீட்டருக்கும் மேல். நம் மக்கள் கூட்டமாகக் கடலுக்குப் போவதோ மாசிமகத்துக்கும் ஆடி அமாவாசைக்கும். முன்னது பௌர்ணமியை ஒட்டியது; பின்னது அமாவாசையேதான். நீரோட்டம் வலுத்திருக்கும் நாட்கள் அவை. அங்குள்ள மலாய் மீனவரைக் கேளுங்கள், தயங்காமல் சொல்வார். பாசாங் என்றால் ஏற்றம், சூருட் என்றால் இறக்கம். இறங்கும் நீர் சிறு படகை வெளியே இழுத்துக்கொண்டு போகும்.

மிதவைச் சட்டையைக் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கவிழ்ந்தபின் அதைத் தேடி மாட்ட நேரம் கிடைக்காது. பெரியவர் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். பிள்ளை அளவுச் சட்டை இருக்கிறதா என்று படகுக்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால், அன்றைக்குக் கரையில் மணல்வீடு கட்டட்டும்.