இறுகிய ஸ்குரூவும் மழை மேல் பழியும்

ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று இறங்கிவிட்டால் புளியறையில் சாரல் நாள் கணக்கில் நசநசக்கும். அந்த நாட்களில் பழைய ஆர்எக்ஸ் 100 பைக்கின் எஞ்சின் மூடி ஸ்குரூ கழலவில்லையென்றால், "எல்லாம் துரு" என்று மழையின் தலையில் பழி விழும். பாதிதான் உண்மை. மூடி அலுமினியம், ஸ்குரூ எஃகு. நடுவே ஈரம் புகுந்தால் முதலில் அரிபடுவது அலுமினியம். அந்த வெள்ளைப் பொடிதான் மரையை அடைத்துப் பிடிக்கிறது. ஆனால் ஸ்குரூவின் தலை வழுக்கிப்போவதற்கு மழை என்ன செய்யும்? ஜப்பானிய வண்டிகளின் ஸ்டார் வெட்டுக்கு அந்நாட்டின் தனி அளவு உண்டு. சாதாரண பிலிப்ஸ் திருப்புளியின் நுனி அதில் அடிவரை உட்காராது. முக்கித் திருகினால் எகிறி விளிம்பை வழித்துவிடும்.

"உளியை வைத்து இரண்டு தட்டு தட்டினால் முடிந்ததே" என்பார்கள். சில சமயம் முடியும்தான். தலை முறிந்தால் துளை போட்டு, மரை புதிதாக வெட்ட வேண்டிவரும். அந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு சும்மா இருப்பது மலிவு. மறுநாள் மூடியைச் சூடாக்கினால், அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிந்து பிடி தளரும். சூடு ஆபத்து என்பது நியாயமான பயம். பெட்ரோல் டேங்கை இறக்கி எட்ட வைத்துவிட்டு, தீச்சுடர் இல்லாமல் ஹாட் ஏர் கன்னைப் பயன்படுத்துங்கள். அதன்பின் இம்பாக்ட் டிரைவர்: ஒரே சுத்தியல் அடி நுனியை அழுத்தவும் செய்யும், திருப்பவும் செய்யும். திரும்ப மாட்டும்போது மரையில் துளி கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.