அண்ணாவின் திதிப் பட்டியலும் ஆனைகட்டி லினக்ஸும்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"கம்ப்யூட்டர் பற்றிப் பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்தேன். நான் அந்தத் துறையில் இருந்தவன் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் பாங்கில் குப்பை கொட்டியவன். "தெரியாதவா பேசினால்தான் தெரியாதவாளுக்குப் புரியும்" என்று அவர் மடக்கிவிட்டார்.

ஓய்வுக்குப் பிறகு நானும் ஆத்துக்காரியும் ஆனைகட்டியில் இருக்கிறோம். கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர். அங்குள்ள குருகுலத்துக்கு வந்து போனவர்களுக்குப் பாதை தெரிந்திருக்கும். கொடுங்கரைப்பள்ளத்தின் மேல் ஒரு பாலம். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளத்தின் அட்டப்பாடி. அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் எனக்குக் குரு வந்தார். அவருக்கு வயது பதினான்கு!

என் கம்ப்யூட்டர் 2016இல் பிள்ளை வாங்கிக் கொடுத்தது. விண்டோஸ் 10. இந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. கேட்பவர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஒரு வருஷம் பாதுகாப்பு நீட்டிப்பு தருவதாகவும் அறிவித்தார்கள். சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை. கோவையில் ஒரு கடைக்காரர், "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கங்க சார்" என்றார். மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை, பத்து வயதாகப் போகிறது என்பதைத் தவிர. எனக்கு எழுபத்திரண்டு. என்னை என்ன செய்யச் சொல்வாரோ!

ஆதரவு முடிந்தால் மெஷின் நின்றுவிடாது. நன்றாகவே ஓடும். ஆபத்தே அதுதான். பூட்டு தொங்கும், பூட்டில் ஓட்டை தெரிய வந்தால் அடைப்பதற்கு ஆள் வரமாட்டார். பென்ஷன் கணக்கை அதில் பார்க்கிறவனுக்கு அது உசிதமில்லை.

எங்களுக்குப் பால் கொண்டுவருபவர் பாலத்துக்கு அப்பால் குடியிருக்கிறார். அவருடைய பெண் அங்கே அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்பு. கிறிஸ்துமஸ் லீவில் அப்பாவுடன் வந்தவள் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க தாத்தா, லினக்ஸ் போட்டுக்கலாமுங்களே? நாங்க ஸ்கூல்ல அதானுங்க படிக்கிறோம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கேரள அரசு 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்பத்தில் விண்டோஸ்தான். 2000களின் நடுவிலிருந்து படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டார்கள். 2017இல் அந்தத் திட்டமே 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தங்கள் பள்ளிகளுக்கென்று ஒன்றைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். நாம் பயந்துகொண்டிருப்பதை அங்கே குழந்தைகள் பாடமாகப் படிக்கிறார்கள். நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. சென்னை சி-டாக் 2007இலேயே 'பாஸ்' என்ற லினக்ஸை வெளியிட்டது. நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டோம்?

லினக்ஸ் என்றால் என்ன என்று இரண்டே வார்த்தை. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1983இல், எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக அறிவித்தார். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் அதற்கு வேண்டிய கருவை எழுதினார். இரண்டும் சேர்ந்துதான் இன்று உபுண்டு, மின்ட் என்று பல பெயர்களில் வருகிறது. அம்மா ரசப்பொடிக்கு அளவு சொல்லிக் கொடுத்தால் நாம் மிளகைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு அடுத்தாத்து மாமிக்கும் சொல்வதில்லையா, அந்த மாதிரி. காசு வாங்காதது இரண்டாம் பட்சம்.

நான் எடுத்துக்கொண்டது லினக்ஸ் மின்ட். பார்வைக்கு விண்டோஸ் மாதிரியே இருக்கும். 22ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. நாலு ஜிபி நினைவகம் இருந்தால் நடக்கும். கிட்டத்தட்ட மூன்று ஜிபி கோப்பு. எங்கள் ஊர் இணையத்தை நம்பி அதை இறக்க முடியாது. கோவையில் மருமான் ஆத்தில் இறக்கி, எட்டு ஜிபி பென் டிரைவில் எழுதிக்கொண்டு வந்தேன். சும்மா காப்பி பண்ணினால் போதாது. அதற்கென்று உள்ள ரூஃபஸ் போன்ற கருவியால் எழுத வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது. மெஷினை உயிர்ப்பிக்கும்போது எஃப் 12 விசை. சிலவற்றில் எஃப் 2, சிலவற்றில் எஸ்கேப். நாமாகச் சொல்லாத வரை உள்ளே இருக்கும் டிஸ்கில் ஓர் எழுத்துகூட மாறாது. வைஃபை வந்தது. சத்தம் வந்தது. பிரிண்டர் தானே தலையாட்டியது. நான் உற்சாகமாகி, "எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவு" என்ற இடம் வரை போய்விட்டேன்.

"இருங்க தாத்தா. காப்பி எடுத்து வச்சதையெல்லாம் தொறந்து பாத்தீங்களா?" என்றாள் அந்தக் குழந்தை.

பாங்கில் நானே ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்விதான். எண்ணிப் பார்த்தீர்களா என்று. திறந்து பார்த்தோம். எல்லாம் இருந்தது, அண்ணாவின் ஃபோல்டரைத் தவிர. 'மை டாகுமென்ட்ஸ்' முழுவதையும் எடுத்த நான், டி டிரைவை மறந்திருந்தேன்.

அண்ணா இப்போது இல்லை. 2001 வாக்கில், தன் விண்டோஸ் 98இல், எங்கள் வம்சாவளியையும், நாலு தலைமுறைக்கு யார் என்ன மாதம், என்ன பக்ஷம், என்ன திதியில் போனார்கள் என்பதையும் டைப் அடித்து வைத்திருந்தார். பதினான்கு பக்கம். கேட்டுச் சொல்லப் பெரியவர்கள் யாரும் இல்லை. ஒரு கிளிக்கில் போயிருக்கும்.

டி டிரைவிலிருந்து எடுத்துத் திறந்தால் அடுத்த இடி. தமிழ் இல்லை. கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக. நடுவில் ஆங்கில வருஷங்கள் மட்டும் அப்படியே தெரிந்தன. 1931, 1958, 1974. யாருடைய வருஷம் என்றுதான் தெரியவில்லை. ஆத்துக்காரி, "இதெல்லாம் வேண்டாம், பழசே இருக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டாள்.

லினக்ஸ் மேல் குற்றமில்லை. அந்தக் காலத்தில் தமிழுக்கு யூனிகோட் பரவவில்லை. ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழைக் குடியேற்றி, அதற்கென்று எழுத்துரு செய்துகொண்டார்கள். அண்ணா பயன்படுத்தியது திஸ்கி. அதில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. அந்த எழுத்துரு இல்லாத எந்த மெஷினிலும், புது விண்டோஸிலும்கூட, இதே கூத்துதான். உங்களில் யாராவது 2000களில் தமிழில் அடித்து வைத்திருந்தால் இன்றே ஆத்துக்குப் போய்த் திறந்து பாருங்கள்.

மறுபடி விண்டோஸுக்குப் போய்ப் பதினான்கு பக்கத்தையும் அச்செடுத்தேன். பிறகு இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டி, திஸ்கி என்று காட்டினோம். அம்மாவின் பெயர் தமிழில் வந்து நின்றது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

மாற்றம் சுத்தமாக வரவில்லை. சில கிரந்த எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. 'பக்ஷம்' பல இடத்தில் பாதியாக நின்றது. சுக்ல பக்ஷமா க்ருஷ்ண பக்ஷமா என்று தெரியாமல் திதி எதற்கு? ஆத்துக்காரி அச்சுத் தாளைப் படிக்க, நான் திரையில் திருத்த, இரண்டு ராத்திரி ஆயிற்று. அதற்கப்புறம்தான் அந்த அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

எல்லோரும் மாறலாமா என்றால், இல்லை. டாலியில் கணக்கு எழுதுகிறவர்கள் அவசரப்பட வேண்டாம், அது விண்டோஸுக்கானது. ஜாதகம் பார்க்கும் ஜகந்நாத ஹோராவும் அப்படியே. 'வைன்' என்ற கருவி வழியாகச் சில ஓடும், சில மக்கர் செய்யும். பெயரைக் கேட்டு யாரும் பதற வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸ். எனக்குப் போதும், பெரிய எக்ஸெல் கணக்கு வைத்திருப்பவர்கள் முதலில் திறந்து பார்க்க வேண்டும். புது மடிக்கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு இருக்கலாம். அதன் மீட்புச் சாவி எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் கை வைக்காதீர்கள். இரண்டையும் ஒரே மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

தமிழ் தட்டச்சு கூடவே வருகிறது. தமிழ்99 விசைப்பலகையை அந்தப் பெண் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டாள். நான் இன்னும் தேடித்தேடித்தான் அடிக்கிறேன். "கண்ணு, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். "உங்க பழைய பென் டிரைவ் குடுங்க தாத்தா, டீச்சர்கிட்ட காட்டோணும்" என்றாள். புதிதாகவே வாங்கிக் கொடுத்தேன்.

அண்ணாவின் பட்டியலை மும்பை, டில்லி, பெங்களூரில் உள்ள பங்காளிகளுக்கெல்லாம் அனுப்பியாயிற்று. ஒருவர் ஆவணி மாதத்தில் ஒரு திதி தவறு என்று சண்டைக்கு வந்திருக்கிறார். அது வேறு கதை.

மின்ட் எழுதிய பென் டிரைவ் இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். காபி ஆனதும், மடிக்கணினி எடுத்து வந்தவர்கள் ஓரத்து மேஜைக்கு வாருங்கள், ஓட்டிப் பார்ப்போம். பென் டிரைவை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.